மாமனார் கட்டிய கறுப்பு லேஸ்

கூட்டுக் குடும்பத்தில் ஓர் ஆளுக்கென்று பார்சல் வருவதில்லை. வீட்டுக்குத்தான் வரும். கூரியர்காரர் கேட்டில் நின்று குரல் கொடுத்தால் யார் கை காலியாக இருக்கிறதோ அவர் வாங்குவார், யாருக்குக் கத்தரிக்கோல் அகப்படுகிறதோ அவர் பிரிப்பார். கல்யாணமான முதல் வருடமே இதை நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். எட்டாவது வருடத்தில்தான் புரிந்தது.

எப்படிப் புரிந்தது என்பதை எங்கள் சொந்தத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பெரியவர்கள் சொல்லும் கதையில் நான் ஊருலகத்தில் இல்லாத நல்ல மருமகள். சின்னவர்கள் சொல்லும் கதையில் நான் வரும்போதே எல்லோரும் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள், புரையேறிவிடும் என்று. இரண்டு கதைகளையும் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. நடந்ததை நடந்தபடி ஒரு முறை நானே எழுதிவிடுகிறேன். (வெட்கமெல்லாம் போய் நாளாயிற்று. அத்தை மட்டும் படித்துவிடக் கூடாது. கண்ணாடியை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன்.)

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. திருச்செங்கோட்டில் ஒரு பொறியியல் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் வேலை. காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவில் இருப்பேன். வீட்டில் மாமனார், மாமியார், ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள். கணவர் செந்தில் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வருடத்தில் ஒன்பது மாதம் சத்தீஸ்கரில் இருப்பார். மழை பிடித்ததும் வண்டி ஊர் திரும்பும், கூடவே அவரும் திரும்புவார். வந்ததும் மூன்று நாள் தூங்குவார். நான்காம் நாள் எழுந்து வண்டிக்கு என்னென்ன வேலை பார்க்க வேண்டும் என்று யோசிப்பார். ஐந்தாம் நாள் நான் ஏதாவது பேச ஆரம்பித்தால் பாதியில் கொட்டாவி விடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கொட்டாவியை முடிப்பதற்குள் பல நாள் நான் தூங்கிப் போயிருக்கிறேன்.

மற்ற மாதங்களில் போன்தான். "சாப்பிட்டீங்களா?" "பாப்பாவுக்குச் சளி." "எத்தனை அடியில தண்ணி?" "அப்பாவுக்குக் கால் எப்படி?" ஒரு நாள் கல்லூரி பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க நாங்கள் பேசியதில் எங்கள் இரண்டு பேரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. தூக்கம்தான் வந்தது. நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கி, வெயிலில் திரும்ப நடந்து வந்தேன்.

இப்போது மாமாவின் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மாமனார் முப்பது வருடம் ரிக் வண்டியில் நின்றவர். நின்று நின்று இரண்டு காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டது. இடது கணுக்காலுக்கு மேல் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு புண். ஏழு மாதமாக ஆறவில்லை. சேலத்தில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். தொடை வரைக்கும் வரும் இறுக்கமான ஸ்டாக்கிங்ஸை எழுதிக் கொடுத்து, "காலையில எழுந்ததும் ரெண்டு கால்லயும் மாட்டணும், படுக்கும்போதுதான் கழட்டணும். புண் பெருசாச்சுன்னா அப்புறம் ஆபரேஷன்தான்" என்றார்.

ஆபரேஷன் என்றால் மாமாவுக்குப் பயம். அவருடைய அண்ணன் எதற்கோ ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராதவர். அதனால் ஒழுங்காக மாட்டினார். மாட்டியது நிற்கவில்லை. மாமாவுக்குக் கால் மெலிந்துவிட்டது, நம் ஊர் வெயிலுக்கு வியர்வை வேறு. பத்தடி நடந்தால் ஸ்டாக்கிங்ஸ் முழங்காலுக்கு இறங்கிவிடும், இருபதடியில் கணுக்காலில் வந்து சுருண்டுகொள்ளும். கடைவீதி நடுவில் நின்று வேட்டிக்குள் கையை விட்டு இழுத்துக்கொண்டிருப்பார். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? அத்தை ஒரு வழி கண்டுபிடித்து, பழைய பாவாடை நாடாவால் தொடையில் இறுக்கிக் கட்டிவிட்டார். கால் நீலம் பாரித்துப் போய் டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். அதற்குப் பிறகு மாமா வெளியே போவதையே விட்டுவிட்டார். ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஸ்டாக்கிங்ஸை என் போனில் ஒரு ஷாப்பிங் ஆப்பில்தான், மாமா பெயருக்கு ஆர்டர் போட்டிருந்தேன். அந்த ஆப்புக்கு நரம்புச் சுருட்டு தெரியுமா, கிழவர் தெரியுமா? ஸ்டாக்கிங்ஸ் வாங்கினவளுக்கு அடுத்து என்ன வேண்டியிருக்கும் என்று அதுவாக ஒரு முடிவுக்கு வந்து, ஒரு மத்தியான வேளையில், நான் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்துக் காட்டியது. இடுப்பில் ஒரு கறுப்பு லேஸ் பட்டை. அதிலிருந்து தொடைக்கு இறங்கும் நான்கு வார்கள். ஒவ்வொரு வார் முனையிலும் ஒரு கொக்கி. அந்தக் கொக்கி காலுறையின் விளிம்பைக் கவ்விப் பிடித்திருந்தது. கார்ட்டர் பெல்ட் என்று போட்டிருந்தது. சஸ்பெண்டர் என்றும் இன்னொரு பெயர்.

சட்டென்று போனைக் கவிழ்த்து வைத்தேன். சாம்பார் சாதத்தில் இரண்டு வாய் தின்றேன். திரும்ப நிமிர்த்தினேன்.

கீழே கொஞ்சம் விளக்கமும் இருந்தது. ரப்பர் விளிம்பு வைத்த காலுறைகள் வருவதற்கு முன்னால், காலுறை நழுவாமல் இருக்க வெளிநாட்டுப் பெண்கள் இதைத்தான் கட்டிக்கொண்டிருந்தார்களாம். பிறகு அந்தத் தேவை போய்விட்டது. ஆனாலும் யாரும் இதை விடவில்லையாம். கட்டுகிறவளுக்குத் தன் உடுப்புக்குள் ஒரு ரகசியம் இருக்கிறது என்ற மிதப்பு, பார்க்கிறவனுக்கு அந்தக் காலுறை முடிகிற இடத்திற்கும் பட்டைக்கும் நடுவில் கண் நின்றுவிடும் ஒரு நிறுத்தம், இப்படி என்னென்னவோ எழுதியிருந்தது. அதையெல்லாம் விட என்னைப் பிடித்தது ஒன்றுதான். எதற்கும் உபயோகமில்லாத பொருள் அது. அந்தச் சமயத்தில் என் வாழ்க்கையில் உபயோகமில்லாதது என்று ஒன்றுமே இல்லை. குக்கர், ஸ்கூட்டி, இன்சூரன்ஸ், நான் உட்பட. நான்கு கொக்கிகள், ஒருவர் பார்ப்பதற்காக மட்டுமே. அதை நினைத்தால் ஆசையாக இருந்தது.

செந்தில் வருவதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அளவைப் பார்த்தேன். ஆன்லைனில் எல்லாம் சின்ன அளவாகவே வருகிறது என்று இரண்டு அளவு கூட்டி வைத்தேன். (இந்த முன்யோசனைதான் எல்லாவற்றுக்கும் காரணம்.) கல்லூரி முகவரிக்கு வருகிற மாதிரி மாற்ற வேண்டும் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குள் விடைத்தாள் கட்டு ஒன்று குறைகிறது என்று யாரோ கத்தினார்கள். பதறிப்போய் பட்டனை அமுக்கிவிட்டு ஓடினேன். கட்டு கிடைத்துவிட்டது. முகவரியை மாற்றவில்லை. பெயரையும் மாற்றவில்லை. பார்சல் மாமா பெயருக்கு, வீட்டுக்கு, ஒரு நாள் முன்னதாகவே வந்து சேர்ந்தது.

அன்று சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே மாமாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் சிரித்து ஏழு மாதமாகியிருந்தது. எட்டிப் பார்த்தேன்.

ஹால் நடுவில் மாமா நின்றுகொண்டிருந்தார். வேட்டியை இடுப்புக்கு மேல் தூக்கி அத்தை பிடித்துக்கொண்டிருந்தார். நீலக்கோடு போட்ட பட்டாபட்டி டவுசருக்கு மேல் கறுப்பு லேஸ் பட்டை. முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என்று நான்கு வார்களும் இறங்கி, தோல் நிற ஸ்டாக்கிங்ஸைக் கச்சிதமாகக் கவ்வியிருந்தன. இடுப்பு நடுவில் ஒரு சின்ன சிவப்பு ரோஜா.

"ஏனம்மிணி, இப்படி ஒண்ணு இருக்குதுன்னு இத்தன நாளா நமக்குத் தெரியாமப் போச்சே!" என்றார் அத்தை. முகமெல்லாம் பூரிப்பு. "நீ போட்டதுதானே? உம்மட போன்ல இருந்துதான வந்துச்சு?"

பையைக் கீழே வைத்தேன். "அத்தை, அது... தப்பா வந்துருச்சுங்க. திருப்பி அனுப்பிரலாங்க."

"தப்பாவா? ஏஞ்சாமி, அளவெடுத்துத் தெச்சாப்புல இருக்குது!" என்றார் மாமா. "கேட்டு வரைக்கும் ஆறு தரம் போய்ட்டு வந்துட்டேன். ஒரு நூலு எறங்குல. இங்க பாரு." என் கண் முன்னாலேயே ஏழாவது தரம் நடந்து காட்டினார். உண்மைதான். ஒரு நூல் இறங்கவில்லை.

"லேஸெல்லாம் இருக்குதுங்களே மாமா..." என்று இழுத்தேன்.

"காத்துப் போகோணுமல்லோ, அதுக்குத்தான் ஓட்ட ஓட்டயா வெச்சிருக்கறான்" என்றார் அத்தை. "ரோசாப்பூ எதுக்குன்னு நானும் நெம்ப நேரம் யோசிச்சேன். அது முன்பக்கம் எதுன்னு தெரியறதுக்கு. வயசானவங்க மாத்திக் கட்டிப்போட்டா என்ன பண்றது?"

பிறகு பார்சல் அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். அதில் அதே கறுப்பு லேஸைக் கட்டிக்கொண்டு, உதட்டைக் கொஞ்சம் பிரித்து, ஒரு வெள்ளைக்காரப் பெண் கதவில் சாய்ந்துகொண்டிருந்தாள். உடம்பில் வேறு அதிகம் இல்லை.

"பாவம், இந்தப் புள்ளைக்கும் நரம்புச் சுருட்டாட்ட இருக்குது" என்றார் அத்தை. "இந்த வயசுல! பாரு, வலி தாங்காம நிக்க முடியாமச் சாஞ்சுட்டு நிக்கறா. சோறு தண்ணி தின்ன மாட்டாளாட்ட இருக்குது."

நான் அட்டையை வாங்கிப் பார்த்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிட ஒரு விநாடி இருந்தது. அந்த விநாடியில் மாமா, "அப்படியே கடைவீதி வரைக்கும் ஒரு நட போய்ட்டு வாரேன்" என்று செருப்பை மாட்டினார். வாரக் கணக்காக நாற்காலியை விட்டு எழாத மனுஷன். நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் கேட்டைத் திறந்து, கையை வீசிக்கொண்டு, வேட்டிக்குள் என் ரகசியத்தோடு தெருவில் இறங்கிப் போனார்.

புழக்கடைக்குப் போய் செந்திலுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, ஒரு பெல்ட் வாங்குனேன்..."

"பெல்ட்டா? கம்ப்ரசர் பெல்ட் போன வாரந்தானே மாத்துனேன்!"

"அது இல்லீங்க. சஸ்பெண்டர்!"

"சஸ்பென்ஷனா? எந்த வண்டிக்கு? பட்டை ஒடிஞ்சு போச்சா?" (அவர் சொன்ன பட்டை லாரிக்கு அடியில் இருக்கும் இரும்புப் பட்டை.)

"வண்டிக்கு இல்லீங்க, எனக்கு! எனக்கு வாங்குனத மாமா கட்டிட்டு கடைவீதிக்குப் போயிட்டாருங்க!"

"ஒண்ணுமே கேக்குல! அப்பா கடைவீதிக்குப் போனாரா? நடந்தா? பரவால்லயே!" சந்தோஷமாக வைத்துவிட்டார்.

நிமிர்ந்தால் பக்கத்து வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்து வைத்தேன்.

பத்து நாள் கழித்து சேலத்து டாக்டரிடம் காட்டுகிற முறை. அதற்குள் எப்படியாவது அந்தப் பெல்ட்டைக் காணாமல் போக்கிவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. அத்தை அதைத் தினமும் தன் கையாலேயே துவைத்து, சாமி துணி காயப்போடும் தனிக் கயிற்றில் காயப்போட்டு, மாமாவின் தலையணைக்கு அடியில் மடித்து வைத்தார். டாக்டருக்குக் காட்ட அதையே கட்டிக்கொண்டு வருவார்கள் என்பது முந்தின நாள்தான் தெரிந்தது. கல்லூரியில் வேலை இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "நீ வாங்குனத நீயே டாக்டரம்மாகிட்டச் சொல்லு சாமி" என்று மாமா பிடித்த பிடியில் போக வேண்டியதாயிற்று.

டாக்டர் மாமாவைப் படுக்க வைத்து வேட்டியை விலக்கினார். விலக்கிய கை அப்படியே நின்றது. பக்கத்தில் இருந்த நர்ஸ் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி, அங்கே இல்லாத எதையோ தேட ஆரம்பித்தார். தோள் குலுங்கியது.

"இதை யார் வாங்கிக் கொடுத்தது?" என்றார் டாக்டர்.

"எம்மட மருமவதானுங்க" என்றார் அத்தை, என் முதுகில் கையை வைத்து முன்னால் தள்ளி.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, குனிந்து புண்ணைப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார். அளந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"பாதியாக் குறைஞ்சிருக்குங்க ஐயா. ஒரு நாள்கூட விடாம ஸ்டாக்கிங்ஸ் போட்டிருக்கீங்க. இப்படியே போனா ஆபரேஷன் வேண்டியதில்லை."

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமா கூரையைப் பார்த்துக் கும்பிட்டார். அவர்கள் வெளியே போன பிறகு டாக்டர் குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?" என்றார்.

"தெரியுங்க டாக்டர்."

"அவங்களுக்கு?"

"தெரியாதுங்க."

"சொல்லிடாதீங்க" என்றார். சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே ஒரு வரி எழுதினார். பெல்ட்டைத் தொடரவும்.

ஆக, என் கறுப்பு லேஸ் மருந்துச் சீட்டில் ஏறிவிட்டது. இனி அதை யாராலும் இறக்க முடியாது.

ஆனி மாதத்தில் ராசிபுரம் பக்கம் ஒரு மண்டபத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. செந்தில் அன்று விடியற்காலையில்தான் சத்தீஸ்கரிலிருந்து வந்து படுத்திருந்தார். "நீங்க முன்னால போங்க, பந்திக்கு வந்துடறேன்" என்று தூக்கத்திலேயே சொன்னார். நாங்கள் செந்திலின் சித்தப்பா காரில் போனோம்.

காதுகுத்து முடிந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஆண்கள் பக்கத்தில் ஒரு வட்டமாக நாற்காலி போட்டு மாமாவும் நான்கைந்து பெரியவர்களும். எல்லோரும் ரிக் வண்டிக்காரர்கள், எல்லோருக்கும் நரம்புச் சுருட்டு. பேச்சு காலைப் பற்றித்தான் இருக்கும் என்று தெரியும். திடீரென்று மாமா எழுந்து நிற்பதைப் பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து ஓடலாமா என்று பார்த்தால் மடியில் யாரோ ஒரு குழந்தையைக் கொடுத்து வைத்திருந்தார்கள்.

மாமா வேட்டியை இடுப்பு வரைக்கும் ஒதுக்கிக் காட்டினார். ஒருவர் கண்ணாடியை மாட்டினார். ஒருவர் கீழே மண்டியிட்டு, கொக்கியை இழுத்து விட்டார். அது டப்பென்று அடித்துத் திரும்பியது. "அட!" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னது பெண்கள் பக்கம் வரைக்கும் கேட்டது.

"எம்மட மருமவ வரவெச்சதுங்க. ஃபாரின் சாமானம். டாக்டரம்மாளே சீட்டுல எழுதிக் குடுத்துட்டாங்க."

பக்கத்தில் பாயசம் குடித்துக்கொண்டிருந்த நித்யா, சித்தப்பா மகள், பெங்களூரில் வேலை செய்பவள், அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பாயசம் மூக்கில் ஏறிவிட்டது. நான்கு பேர் தலையில் தட்டினார்கள். இருமி முடித்து, கண்ணில் நீரோடு என் காதருகே வந்து, "அண்ணி... அது... அண்ணி..." என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கை கழுவும் இடத்துக்கு ஓடினாள். அன்று மாலைக்குள் எங்கள் சொந்தத்தில் நாற்பது வயதுக்குக் கீழ் இருந்த அத்தனை பேருக்கும் விஷயம் போய்விட்டது.

அதற்குள் மண்டியிட்டிருந்த பெரியவர் நேராக என்னிடமே வந்துவிட்டார். "அம்மிணி, எனக்கும் ஒண்ணு போட்டுரு. கறுப்பு மட்டும் வேண்டாம், எனக்கு இப்ப சனி நடக்குது. வேற கலரு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க மாமா" என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு. "மெரூன் இருக்குது. வெள்ளை இருக்குது."

"வெள்ளயே போடு. வேட்டிக்குத் தோதா இருக்கும்."

நிமிர்ந்தேன். மண்டபத்து வாசலில் செந்தில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ தெரியாது. தன் அப்பாவைப் பார்த்தார். வேட்டி இன்னும் ஒதுங்கியே இருந்தது. லேஸைப் பார்த்தார். ரோஜாவைப் பார்த்தார். லாரிக்காரர்களோடு ஊர் ஊராகச் சுற்றுகிற மனுஷனுக்கு அது என்னவென்று தெரியாமல் இருக்குமா? பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி மண்டபம் முழுக்கத் தேடி, என்னைக் கண்டுபிடித்தார். எட்டு வருடத்தில் அவர் என்னை அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. (நான் மூன்று வாரமாகக் கனவு கண்ட பார்வை. நடுவில் முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.)

திரும்பி வரும்போது அவர் காரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். மகள் தாத்தாவோடு வருவேன் என்று அடம் பிடித்துவிட்டாள். ஊரைத் தாண்டியதும் அவர் ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்துபோனேன். தோளைத் தொட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார். ஹாரன் மேல் நெற்றி பட்டு அது வேறு விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது.

"போன்ல சொன்னியே, சஸ்பென்ஷன்னு... அது இதுதானா?"

"சஸ்பெண்டருங்க."

"எங்கப்பன் அதக் கட்டிட்டு... சபை நடுவுல..." மறுபடி சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வழியாக அடங்கினார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "எனக்காகவா வாங்குனே?" என்றார்.

"வேற யாருக்கு வாங்குவேன்?"

ஒரு போர் வண்டி எங்களைக் கடந்து போனது. வழக்கமாகத் திரும்பி அது யார் வண்டி என்று பார்ப்பவர், அன்று பார்க்கவில்லை.

"நான் வந்தா தூங்கிப்போடறேன்" என்றார்.

"நானுந்தான்."

"ஒடம்பு முடியறதில்ல புள்ள. உன்னப் பாக்கோணும் பாக்கோணும்னுதான் வாரேன். வந்து ஊட்டுல கால வெச்சதும் அப்படியே அடிச்சுப் போட்டாப்புல ஆயிருது."

"தெரியுங்க."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்லோ?"

"சொன்னேனே. கம்ப்ரசர் பெல்ட்டான்னு கேட்டீங்க."

அதற்கு மறுபடி சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எதிரே இளநீர் விற்றவரிடம் ஆளுக்கொன்று வாங்கிக் குடித்தோம். வீட்டுக்கு முக்கால் மணி நேரத்தில் போகிற வழியை இரண்டு மணி நேரமாக்கினோம். ஒன்றும் பெரிதாகப் பேசிவிடவில்லை. தண்ணீர் எத்தனை அடியில் என்று மட்டும் பேசவில்லை.

அடுத்த வாரத்தில் எங்கள் வீட்டு முகவரிக்கு நான்கு கார்ட்டர் பெல்ட்கள் வந்தன. மெரூன் ஒன்று, வெள்ளை மூன்று. கொண்டு வந்த கூரியர்காரர் அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துக் கையெழுத்து வாங்கியதில்லை. ரிக் வண்டிக்காரப் பெரியவர்கள் அதற்கு 'மருமவ பெல்ட்டு' என்று பெயரே வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒரு பெரியவர் என் தலையில் கை வைத்து, "இந்த மகராசியாலதான் நடமாடறேன்" என்பார். பின்னால் நித்யா வகையறா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

மாமாவின் புண் ஆவணியில் முழுக்க ஆறிவிட்டது. எனக்கென்று இன்னொன்று வாங்கலாமா என்று செந்தில் ஒரு முறை கேட்டார். வேண்டாம் என்றேன். அதைப் பார்த்தால் எனக்கு நீலக்கோடு போட்ட பட்டாபட்டிதான் ஞாபகம் வருகிறது. என்ன செய்வது?

இரண்டு வருடத்துக்கு முன்னால் செந்திலுக்கும் காலில் நரம்பு சுருட்ட ஆரம்பித்தது. அதே சேலத்து டாக்டர். எங்களைப் பார்த்ததும் ஸ்டாக்கிங்ஸ் எழுதிக் கொடுத்துவிட்டு, "மத்தது உங்களுக்கே தெரியும்" என்றார். நீண்ட நேரம் நிற்கக் கூடாது என்பதால் சத்தீஸ்கரில் வண்டியை இப்போது பெரும்பாலும் மேனேஜர்தான் பார்த்துக்கொள்கிறார். இவர் மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கிறார். காலை ஆறரை மணிக்கு, குக்கர் விசிலுக்கும் பள்ளி வேன் வருவதற்கும் நடுவில், நான் தரையில் உட்கார்ந்து அவருக்குக் கொக்கி மாட்டிவிடுகிறேன். குனிந்தால் அவருக்குத் தொப்பை இடிக்கிறது.

கறுப்புதான் வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கியது. பீரோ கண்ணாடி முன்னால் நின்று, இப்படியும் அப்படியும் திரும்பி, ரோஜாவைச் சரி செய்துகொண்டு தினமும் கேட்பார்.

"ஏம்புள்ள, நெசத்தச் சொல்லு. எப்படி இருக்கறேன்?"

"திரும்பி நில்லுங்க. பின்னாடி ஒண்ணு இன்னும் மாட்டல."